கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லையா? பேக்கப் மட்டும் போதாது, ரெஸ்க்யூ பென்டிரைவும் வேண்டும்

வேலூர் சத்துவாச்சாரியில் என் அண்ணன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அக்னி நட்சத்திர வெயிலில் ஒரு நாள் விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது, யூபிஎஸ் பேட்டரியும் தாங்கவில்லை. கரண்ட் வந்து ஆன் செய்தால் நீலத் திரை, தானாக ரீஸ்டார்ட், மறுபடியும் நீலத் திரை. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் முழு பேக்கப் பத்திரமாக இருந்தது, ஆனால் அதை எடுத்துத் திரும்பப் போட வேண்டிய சாஃப்ட்வேர் எழுந்திருக்காத அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடந்தது. காட்பாடியிலிருந்து நான் லேப்டாப்போடு போய் ரெஸ்க்யூ பென்டிரைவ், அதாவது விண்டோஸ் எழாவிட்டாலும் கம்ப்யூட்டரை ஆன் செய்து பேக்கப்பைத் திரும்பப் போட உதவும் பென்டிரைவ், தயார் செய்து முடிப்பதற்குள் ஹால் டிக்கெட் பிரின்ட் எடுக்க வந்த பிள்ளைகள் எல்லாம் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

அதனால் கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே இதைச் செய்துவிடுங்கள். ஃபைல்களை மட்டும் காப்பி எடுத்து வைத்தால் போட்டோவும் கணக்கும் மிஞ்சும், விண்டோஸ் திரும்ப வராது. டிஸ்க் முழுவதையும் இமேஜாக, அதாவது விண்டோஸும் ஃபைல்களும் சேர்த்து அப்படியே ஒரே நகலாக எடுக்க வேண்டும். நான் பயன்படுத்துவது வீம் ஏஜென்ட் (Veeam Agent) என்ற பேக்கப் சாஃப்ட்வேர், அதன் இலவசப் பதிப்பே ஒரு கடைக்குப் போதும். அதில் 'என்டையர் கம்ப்யூட்டர்' என்று தேர்ந்தெடுத்து எக்ஸ்டர்னல் டிஸ்குக்கு பேக்கப் எடுங்கள். முடிந்ததும் அதே சாஃப்ட்வேரில் 'ரெக்கவரி மீடியா' உருவாக்கும் வசதி இருக்கிறது, காலி பென்டிரைவ் ஒன்றைச் செருகி அதையும் உடனே செய்யுங்கள், இந்தக் கம்ப்யூட்டரின் டிரைவர்களையும் (டிஸ்க் போன்ற பாகங்களை இயக்கும் சிறு சாஃப்ட்வேர்கள்) சேர்க்கவா என்று கேட்கும் இடத்தில் டிக் போட மறக்காதீர்கள். அப்புறம் அந்த பென்டிரைவில் ஒருமுறை பூட் செய்து, உள்ளே உங்கள் ஹார்ட் டிஸ்கும் பேக்கப் டிஸ்கும் இரண்டுமே தெரிகிறதா என்று பார்த்துவிட்டு எதையும் தொடாமல் வெளியே வாருங்கள். பலரும் விடுவது இந்தச் சோதனையைத்தான். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் வந்த சில லேப்டாப்களில் டிஸ்கைக் கையாளும் விஎம்டி என்ற செட்டிங்கால் டிரைவர் இல்லாமல் டிஸ்கே தெரியாது, அது அவசர நாளில் தெரியவந்தால் கை கால் ஓடாது.

டிஸ்கையே பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதன் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள், அந்தக் கம்ப்யூட்டரிலேயே சேமித்து வைப்பதில் பயன் இல்லை.

சரி, இப்போது கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. உடனே ரீஸ்டோருக்கு, அதாவது பேக்கப்பைத் திரும்பப் போடுவதற்குப் போகாதீர்கள். செருகியிருக்கும் பென்டிரைவ், பிரின்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். அடுத்தடுத்து சில முறை பூட் ஆகாவிட்டால் விண்டோஸ் தானே ரிப்பேர் திரைக்கு வரும், அங்கே ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஓட்டுங்கள், அப்டேட்டுக்குப் பிறகு வந்த கோளாறு என்றால் கடைசி அப்டேட்டை நீக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது. இதிலேயே பல கம்ப்யூட்டர்கள் எழுந்துவிடும்.

எழவில்லை என்றால் ஒரு கேள்வி: கடைசி பேக்கப்புக்குப் பிறகு செய்த வேலை என்ன ஆகும்? ரீஸ்டோர் செய்தால் பழைய நிலை புதியதன்மேல் எழுதப்படும், நடுவில் போட்ட கணக்கு போய்விடும். அதனால் உபுண்டு (இலவச லினக்ஸ் இயங்குதளம்) போட்ட வேறொரு பென்டிரைவில் பூட் செய்து, இன்ஸ்டால் செய்யாமல் 'ட்ரை' என்பதைத் தேர்ந்தெடுத்து, புதிய ஃபைல்களை வேறு டிஸ்குக்கு முதலில் காப்பி எடுங்கள். ஹார்ட் டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் இதைக்கூடச் செய்யாமல் நிறுத்திவிடுங்கள், அந்த டிஸ்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, அதே அளவோ பெரியதோ ஆன புது எஸ்எஸ்டி வாங்கி அதில் ரீஸ்டோர் செய்யுங்கள்.

ரெஸ்க்யூ பென்டிரைவைச் செருகி ஆன் செய்ததும் பூட் மெனு கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள், டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9. பென்டிரைவ் பெயர் இரண்டு முறை வந்தால், விண்டோஸ் முன்பு யூஇஎஃப்ஐ (UEFI) என்ற புதிய பூட் முறையில் ஓடியிருக்கும் பட்சத்தில், யூஇஎஃப்ஐ என்று போட்டிருப்பதையே தேர்ந்தெடுங்கள், மாற்றிவிட்டால் ரீஸ்டோர் முடிந்தும் பூட் ஆகாமல் குழப்பும். அப்புறம் கம்ப்யூட்டர் முழுவதையும் திரும்பக் கொண்டுவரும் 'பேர் மெட்டல் ரெக்கவரி'யில் நுழைந்து, பேக்கப்பின் தேதியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். டி டிரைவில் இருப்பது நன்றாகத்தான் இருக்கிறது என்றால் சிஸ்டம் பகுதிகளை மட்டும் ரீஸ்டோர் செய்தால் போதும், எந்த டிஸ்கின்மேல் எழுதப் போகிறது என்பதை அளவை வைத்து இரண்டு முறை சரிபாருங்கள், தவறுதலாக பேக்கப் டிஸ்கையே தேர்ந்தெடுத்துவிட்டால் இரண்டும் போய்விடும். யூபிஎஸ் சரியில்லாத இடத்தில் ரீஸ்டோரைத் தொடங்க வேண்டாம், இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டுக்கு சிபியுவைத் தூக்கிக்கொண்டு போனாலும் பரவாயில்லை.

முடிந்ததும் பென்டிரைவைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். புது எஸ்எஸ்டி மாற்றியிருந்தால், அன்றைக்கே புதிதாக ஒரு முழு பேக்கப் ஓட்டிவிட்டு, எக்ஸ்டர்னல் டிஸ்கைக் கழற்றித் தனியாக எடுத்து வையுங்கள்.