பெரியவங்க ஐரிஷ் டான்ஸ் கத்துக்கும்போது எங்கெல்லாம் சொதப்புறாங்க

1994 யூரோவிஷன் பாட்டுப் போட்டியில, டப்ளின்ல, நடுவுல ஒரு ஏழு நிமிஷம் வந்துச்சே ரிவர்டான்ஸ்ங்கிற ஐரிஷ் டான்ஸ், அதைப் பாத்துட்டு க்ளாஸ்ல சேர்றவங்க இன்னைக்கும் இருக்காங்க. அவங்க மனசுல ஓடுறது அந்த டக் டக் சத்தம்தான், அதனால முதல் வாரமே போய் ஹார்ட் ஷூ வாங்கிடுறாங்க. வாங்காதீங்க. நுனியிலயும் குதிகால்லயும் ஃபைபர்கிளாஸ் வச்ச கனமான ஷூ அது, உடம்பை மேல தூக்கிப் பிடிக்கத் தெரியாதவங்க போட்டா சத்தம் வரும் ஆனா தாளம் வராது, அடி எல்லாம் முட்டியில போய் இறங்கும். பெரும்பாலும் எல்லா க்ளாஸ்லயும் மெல்லிசான சாஃப்ட் ஷூவுல ரீல், லைட் ஜிக்ங்கிற ஆட்ட வகைகள்லதான் ஆரம்பிப்பாங்க, அதுக்குக் காரணம் இருக்கு.

அந்த சாஃப்ட் ஷூவையும் தப்பா வாங்குறாங்க. கில்லீஸ்ங்கிற அந்தக் கறுப்பு லெதர் ஷூவை வாக்கிங் ஷூ மாதிரி விரலுக்கு இடம் விட்டு எடுத்தா ரெண்டே மாசத்துல லெதர் இளகி லொடலொடன்னு ஆயிடும். கால்ல ஒட்டுன மாதிரி இறுக்கமா இருக்கணும். முதல் சில க்ளாஸுக்கு அதுகூட வேணாம், டீச்சர்கிட்ட கேட்டுட்டு மெல்லிசான ஷூ ஏதாவது போட்டுக்கலாம், ஆனா தடிமனான ரப்பர் சோல் வேணவே வேணாம், தரையைப் பிடிச்சுக்கும், முட்டி திருகிக்கும்.

இப்ப பெரிய விஷயத்துக்கு வருவோம். குதிகாலைத் தூக்கி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, ஒரு காலுக்கு முன்னாடி இன்னொரு கால், முட்டிக்கு முன்னாடி முட்டி வர்ற மாதிரி ஆடணும். இந்தத் திருப்பல் இடுப்புலேர்ந்து வரணும், பெரியவங்களுக்கு இடுப்பு அவ்வளவு வளையாதுல்ல, அதனால பாதத்தை மட்டும் பிடிச்சு முறுக்குறாங்க, அப்புறம் முட்டி வலிக்குதுன்னு க்ளாஸையே விட்டுடுறாங்க. வர்ற அளவுக்குத் திரும்பினா போதும். பரதம் தெரிஞ்சவங்களுக்கு இந்தத் திருப்பல் சுலபமா வரும், ஆனா அரைமண்டி பழக்கத்துல உடம்பு தானா கீழ உக்காரும், இங்க எல்லாமே மேல நோக்கித்தான், அதை மறக்கடிக்கிறதுதான் அவங்களுக்குக் கஷ்டம்.

கை அசையக்கூடாதுன்னு சொன்னதும் தோளைக் காதுவரைக்கும் தூக்கி, மூச்சையும் பிடிச்சுக்கிட்டு மரக்கட்டை மாதிரி நிக்கிறாங்க. கை தளர்வா பக்கத்துல தொங்கினா போதும். (கை ஏன் அசையறதில்லைங்கிறதுக்கு இங்கிலீஷ்காரன் தடை போட்டான், பாதிரியார் திட்டினார், ஜன்னல் வழியா பாத்தா தெரியக்கூடாதுன்னு ஏகப்பட்ட கதை உலாத்துது, உருப்படியான ஆதாரம் எதுக்கும் கிடையாது, யாராவது சொன்னா கேட்டு ரசிச்சுட்டு விடுங்க.)

ஒரு ஸ்டெப்னா வலது கால்ல எட்டு பார் (பார்னா இசையில ஒரு தாளச் சுத்து), அதே ஸ்டெப் இடது கால்ல எட்டு பார். வீட்டுல எல்லாரும் வலது காலையே தேய்ச்சுட்டு வந்து நிப்பாங்க, இடது வந்ததும் கூட்டத்துல முழிப்பாங்க. ப்ராக்டீஸை இடதுல ஆரம்பிங்க. அதோட நம்பர் எண்ணிக்கிட்டே ஆடிப் பழகாதீங்க, ரீல் நாலு நாலா போகும், ஜிக் 6/8 தாளம், ஸ்லிப் ஜிக் 9/8, பஸ்ல போகும்போது காதுல போட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தா எது எதுன்னு தானா பிடிபடும், இல்லேன்னா பாட்டு போட்டதும் எந்த இடத்துல கால் எடுக்கிறதுன்னே தெரியாது.

கிச்சன் டைல்ஸ்ல குதிக்கிறது இன்னொண்ணு. சிமெண்ட், டைல்ஸ் எதுவும் அடியை வாங்கிக்காது, முன்னங்கால் எலும்பும் குதிகால் தசைநாணும்தான் வாங்கும். கெண்டைச்சதை சீக்கிரம் பலமாயிடும், குதிகால் தசைநாண் அதைவிட மெதுவாதான் பலப்படும், அதனால ‘இப்பதான் நல்லா வருதே’ன்னு நம்ம வேகம் கூட்டுற நேரத்துலதான் அது காட்டும். வீட்டுல குதிக்காம நடந்தே ஸ்டெப்பை ஓட்டிப் பாருங்க, மறுநாள் காலையில முதல் அடி வைக்கும்போது குதிகால் வலிச்சா ரெண்டு நாள் விடுங்க, விடாம வலிச்சா பிசியோகிட்ட காட்டுங்க.

விக், மின்னுற டிரெஸ் எல்லாம் போட்டி போடுற பிள்ளைங்களுக்கு, டிரெஸ் மட்டுமே ஆயிரம் யூரோவைத் தாண்டும், நமக்கு எதுக்கு.

இன்னொரு தப்பு, ஐரிஷ் டான்ஸ்னா இது ஒண்ணுதான்னு நினைக்கிறது. அயர்லாந்தோட மேற்குல கனமாராப் பக்கம் ஆடுற ஷான் நோஸ்ங்கிற பழைய பாணியில குதியல் கம்மி, கால் தரையை ஒட்டியே இருக்கும், கையும் ஃப்ரீயா விடலாம். அதுக்குத் தெற்கே கிளேர் மாவட்டத்துல நாலு ஜோடி சதுரமா நின்னு ஆடுற செட் டான்ஸ் இருக்கு, ஜூலையில மில்டவுன் மால்பேல நடக்குற வில்லி க்ளான்சி சம்மர் ஸ்கூலுக்கு வயசானவங்களே எத்தனையோ பேர் இதுக்காக வர்றாங்க. முட்டி ஏற்கனவே தகராறு பண்ணுதுன்னா நேரா இதுக்கே போயிடலாம்.

அப்புறம் ‘நல்லா வரட்டும், அப்புறம் கெய்லிக்குப் போறேன்’னு தள்ளிப்போடாதீங்க (கெய்லின்னா எல்லாரும் சேர்ந்து ஆடுற கூட்டம்). செவன்ஸ், த்ரீஸ்ங்கிற அடிப்படை ஸ்டெப் ரெண்டும் ஓரளவு வந்தாலே வால்ஸ் ஆஃப் லிமரிக்ங்கிற கெய்லி டான்ஸை ஆடிடலாம், ஒவ்வொரு சுத்துக்கும் எதிர்ல புது ஜோடி வரும், நீங்க தப்பான பக்கம் போனா அவங்களே கையைப் பிடிச்சு இழுத்து சரியான பக்கம் நிறுத்திடுவாங்க.