கொயர் மாஸ்டராக நடிப்பவரின் கையைப் பார்க்காதீர்கள்

போன மாதம் ஒரு சீரியலுக்கு சர்ச் கல்யாணக் காட்சி எடுத்தார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் நின்று பாட எங்கள் கொயரிலிருந்து, அதாவது சர்ச் பாடகர் குழுவிலிருந்து, 18 பேர் போனோம். 11 பேருக்கு அதுதான் முதல் படப்பிடிப்பு. எனக்கு ஆறாவது. காலை ஏழு மணிக்கே அங்கி மாட்டிக்கொண்டு ஆசையாக நின்ற பிள்ளைகள், மாலைக்குள் நான் முதல் முறை போனபோது செய்த தவறுகளையே வரிசையாகச் செய்தார்கள். எனக்கு அன்று சொல்லித்தர ஆள் இல்லை. இவர்களுக்கு நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். இனி போகிறவர்களுக்காவது உதவட்டும்.

போனை அணைத்து வையுங்கள், கேமராவைப் பார்க்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். கொயரில் பாடிப் பழகியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறுகள் சில இருக்கின்றன. அவற்றைத்தான் சொல்லப்போகிறேன்.

சொந்தப் பாமாலைப் புத்தகத்தைக் கொண்டுபோவது

வேண்டாம். பென்சில் குறிப்போடு காணாமல் போகும்.

மாஸ்டராக நடிப்பவரின் கையைப் பின்பற்றுவது

கொயரில் சேர்ந்த முதல் வாரமே மண்டையில் ஏற்றிவிடுகிற பாடம் இது: ஒரு கண் புத்தகத்தில், ஒரு கண் மாஸ்டர் கையில். பத்து வருஷம் பாடினால் உடம்பில் ஊறிவிடும். படப்பிடிப்பில் அந்த நல்ல பழக்கம்தான் காலை வாரும்.

பாட்டு ஏற்கெனவே பதிவாகியிருக்கும். தளத்தில் அதை ஸ்பீக்கரில் ஓடவிடுவார்கள். யூனிட்டில் இதற்குப் பெயர் 'நாக்ரா'. ஸ்விட்சர்லாந்தில் தயாரான நாக்ரா டேப் ரெக்கார்டரில் பாட்டை ஓட்டிய காலத்துப் பெயர் அப்படியே தங்கிவிட்டது. இன்று லேப்டாப்பிலிருந்து ஓடினாலும் நாக்ராதான். தாளம் அந்த ஸ்பீக்கரில் இருக்கிறது. எதிரே நின்று கையசைக்கிறவர் நடிகர். அவருக்குத் தாளம் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

2014-ல் ஒரு கிறிஸ்துமஸ் காட்சி. பழைய சர்ச், மேற்கு ஜன்னலின் வண்ணக் கண்ணாடி வழியாக வரும் வெயில் பாடகர்கள் மேல் விழ வேண்டும் என்று டைரக்டர் ஆசைப்பட்டார். பாட்டு த்ரீ ஃபோர், அதாவது மூன்று எண்ணிக்கைத் தாளம். மாஸ்டராக வந்த நடிகர் எங்கேயோ பார்த்துப் பழகிய நான்கு எண்ணிக்கையை அழகாக வீசினார். மூன்றும் நான்கும் 12 எண்ணிக்கைக்கு ஒருமுறைதான் ஒன்றாக விழும். ஆண் குரல்களான டெனரும் பேஸும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள், பெண்களின் உச்சக் குரலான சோப்ரானோ பாட்டைப் பிடித்துக்கொண்டது. மானிட்டரில் பார்த்தால் பாதி வாய் திறந்திருக்கிறது, பாதி மூடியிருக்கிறது. ஏதோ சரியில்லை என்று டைரக்டருக்குத் தெரிகிறது, என்னவென்று பிடிபடவில்லை. "ஒன் மோர்... ஒன் மோர்" என்று ஒன்பது டேக் போனது. வெயில் இறங்கிவிட்டது. ஆறு மணிக்கு மாலை ஜெபம் என்பதால் ஐந்துக்குள் இடத்தைக் காலி செய்யவும் வேண்டும். கடைசியில் மாஸ்டரையும் மெழுகுவர்த்திகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு பேக்கப் சொல்லிவிட்டார்கள். ஒளிபரப்பான அன்று வீட்டோடு உட்கார்ந்து பார்த்த ஒரு சோப்ரானோ பெண் எனக்கு போன் செய்து, "அண்ணா, நாம எங்கேயுமே வரலையே?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் மூன்றாவது டேக்கிலேயே கோளாறு எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெரிய இடத்தில் நாம் ஏன் வாயைத் திறக்க வேண்டும் என்று சும்மா நின்றேன். அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

போன மாதமும் அதே நான்கு எண்ணிக்கை, அதே த்ரீ ஃபோர். இந்த முறை நான் சும்மா இருக்கவில்லை. டீ இடைவேளையில் அசோசியேட் டைரக்டரிடம் போய், "சார், இது மூணு எண்ணிக்கைப் பாட்டு. மாஸ்டரா வர்ற சாருக்கு அஞ்சு நிமிஷம் சொல்லித் தரட்டுங்களா?" என்று கேட்டேன். சந்தோஷமாக விட்டார். கீழே, வெளியே, மேலே, அவ்வளவுதான். அந்த நடிகரும் அக்கறையாகக் கற்றுக்கொண்டார். டைரக்டரிடம் நேராகப் போகாதீர்கள், ஷாட்டுக்கு நடுவிலும் போகாதீர்கள். ஆனால் முதல் டேக்குக்கு முன்னால் யாராவது ஒருவர் கட்டாயம் போய்ச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் காதால்தான் பாட வேண்டும். பார்வை அவர் முகத்தில் இருக்கட்டும், கையில் வேண்டாம்.

ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். கேமராவுக்குப் பின்னால், வாசல் பக்கம் வைத்துவிடுவார்கள். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 17 மீட்டர் தள்ளி நிற்கிறவர் காதுக்கு அது வந்து சேர ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். வினாடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் டிவியில் அது ஒரு ஃப்ரேமுக்கு மேல். சர்ச் சுவரில் எதிரொலி வேறு. பின்வரிசைக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள்.

உதட்டை மட்டும் அசைப்பது

மூச்சு எடுக்காத பாடகரைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். தோள் அசையாது, கழுத்து நரம்பு எழாது, முதல் எழுத்துக்கு வாய் தாமதமாகத் திறக்கும். பாட்டு ஓடுகிற ஷாட்டில் பாதிக் குரலில் நிஜமாகவே பாடுங்கள். முழுக் குரல் வேண்டாம். ஒரே பாட்டை முப்பது நாற்பது தடவை பாட வேண்டி வரும்.

வசனத்தை அங்கேயே பதிவு செய்கிற யூனிட் என்றால் கதை வேறு. நாலு வரி ஓடவிட்டு நாக்ராவை நிறுத்திவிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பேசிக்கொண்டிருக்க, நீங்கள் பின்னால் சத்தமில்லாமல் தொடர வேண்டும். நிசப்தத்தில் ஆளுக்கொரு வேகம் வந்துவிடும். செருப்புக்குள் கால் பெருவிரலால் எண்ணிக்கொள்ளுங்கள். முன்வரிசையில் ஒருவர் மூச்சைச் சற்றுப் பெரிதாக எடுக்க, மற்றவர்கள் ஓரக்கண்ணால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். தாழ்ந்த பெண் குரலில் பாடும் எங்கள் ஆல்ட்டோ அக்கா ஒருவர் இதில் கெட்டிக்காரர். அவர் வந்தால் எனக்குப் பாதிக் கவலை போய்விடும்.

நெருக்கக் கோடு போட்ட சட்டை, சேலை

திரையில் அலையடிக்கும். வேண்டாம்.

நினைத்த இடத்தில் பக்கம் திருப்புவது

முழுக் காட்சியையும் அகலமாக எடுக்கும் மாஸ்டர் ஷாட்டில் எந்தச் சொல்லில் பக்கம் திருப்பினீர்களோ, சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கும் க்ளோஸப்பிலும் அதே சொல்லில், அதே கையால் திருப்ப வேண்டும். இல்லையென்றால் ஒரு ஷாட்டோடு இன்னொன்று பொருந்தாது, கண்டினியூட்டி போச்சு. காலையிலேயே 18 பேரும் பேசி ஒரு சொல்லை முடிவு செய்துவிடுங்கள்.

பேட்டாவைக் கடைசியில் கேட்பது

ஒத்துக்கொள்ளும்போதே கேளுங்கள்.

சனிக்கிழமை கால்ஷீட்டுக்குத் தலையாட்டுவது

போன மாதம் எங்களுக்குப் பேக்கப் ஆனது சனி இரவு பதினொன்றரைக்கு. ஞாயிறு காலை ஏழரை ஆராதனையில் மூன்று சோப்ரானோக்களுக்கு உச்ச ஸ்வரமே எட்டவில்லை. ஆர்கனிஸ்ட் பாட்டை ஒரு ஸ்வரம் இறக்கி வாசித்தார்.