பீர் ஆலையில் வேலை போனால் பீரை விட்டே போக வேண்டாம்

ஆட்குறைப்புக் கடிதம் கைக்கு வந்த முதல் வாரம் மனது ஒரு நிலையில் இருக்காது, அது இயல்புதான். அப்புறம் ஒரு தாளை எடுத்து, பதவிப் பெயரை விட்டுவிட்டு, தினமும் கையால் செய்த வேலையை மட்டும் எழுதுங்கள். நொதிக்கும் டாங்க்கை காஸ்டிக் (கடுமையான காரக் கரைசல்) விட்டுக் கழுவியது, மெத்திலீன் புளூ கலந்து மைக்ராஸ்கோப்பில் நீலமாகத் தெரியும் செத்த ஈஸ்டை எண்ணியது, கேனில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளந்தது, இப்படி. மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் போன்ற பீர் மூலப்பொருட்களை விற்கும் நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும்போது இந்த வரிகள்தான் பேசும், ஏனென்றால் நொதித்தல் ஏன் பாதியில் நின்றுவிட்டது என்று வாடிக்கையாளர் போனில் கேட்டால் பதில் சொல்ல, அதை நேரில் பார்த்த ஆள்தான் வேண்டும்.

விற்பனைப் பக்கம் போக ஆசையா? பீரைப் பற்றிய அறிவுக்குத் தரப்படும் சிசரோன் சான்றிதழின் முதல் படியான ‘சர்டிஃபைடு பீர் சர்வர்’ தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம். 60 கேள்விகள், 75 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி.

பலர் யோசிக்காத இன்னொன்று, டிராஃப்ட் குழாய் பராமரிப்பு, அதாவது பாரில் பீப்பாயிலிருந்து பீர் வரும் குழாயைப் பராமரிப்பது. 14 நாளுக்கு ஒருமுறை குழாயைக் கழுவ வேண்டும் என்பது அமெரிக்க பீர் ஆலைகளின் சங்கமான ப்ரூவர்ஸ் அசோசியேஷனின் பரிந்துரை, ஆகவே அந்த வேலை தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். காஸ்டிக்கைப் பயமில்லாமல், பாதுகாப்பாகக் கையாளத் தெரிந்த உங்களுக்கு பாதிப் பயிற்சி ஏற்கெனவே முடிந்துவிட்டது.