பணியிடக் காயம்: மின்னணு மருத்துவப் பதிவைக் கொண்டு இழப்பீட்டுக் கோரிக்கையைக் கையாளும் முறை

முதலில், மருத்துவப் பதிவைப் பார்க்கத் தொழிலாளி தரும் ஒப்புதல் படிவம். எந்த உறுப்பு, எந்தக் காலம் என்று எல்லை குறித்தே வாங்குங்கள். முழு மருத்துவ வரலாற்றையும் கேட்பது தொழிலாளியின் அந்தரங்கத்தில் கை வைப்பதாகும்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப்பைவிட, எஃப்ஹெச்ஐஆர் (மருத்துவத் தரவைக் கணினிகள் பரிமாறிக்கொள்வதற்கான பொதுத் தரநிலை) வடிவத் தரவு நல்லது, தேடலாம், வரிசைப்படுத்தலாம். பெயர், பிறந்த தேதி, காயமடைந்த தேதி மூன்றும் பொருந்திய பிறகே கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தகராறு பெரும்பாலும் நோய்க் குறியீட்டில்தான் தொடங்கும். ஐசிடி-10 என்ற பன்னாட்டு நோய்க் குறியீட்டுப் பட்டியலில் எம்54.5 என்பது கீழ்முதுகு வலி, அவ்வளவே. எஸ்33.5 என்பது அதே இடத்தில் ஏற்பட்ட சுளுக்கு, அதாவது காயம். அவசரத்தில் முதலாவதைப் பதிந்துவிட்டால், விபத்தோடு தொடர்பில்லை என்று நியாயமான கோரிக்கையும் தள்ளுபடியாகலாம். ஆகவே முதல் வருகைக் குறிப்பை வரிவரியாகப் படியுங்கள்: எப்படி விழுந்தார், எந்தப் பக்கம் அடிபட்டது, வலி எப்போது தொடங்கியது. ஏணியிலிருந்து விழுந்தவருக்கு டபிள்யூ11 என்ற காரணக் குறியீடும் இருக்கிறதா பாருங்கள்.

மருத்துவர்கள் பழைய குறிப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டுவது இன்னொரு சிக்கல். ஒருமுறை ‘இடது முழங்கால்’ என்று தவறாகப் பதிந்தால், அடுத்தடுத்த வருகைகளிலும் அதுவே தொடரும். திருத்தத்தை மருத்துவரே பதிய வேண்டும். நீங்கள் கை வைக்காதீர்கள்.

தூக்கக்கூடிய எடை, நிற்கும் நேரம் என மருத்துவர் விதித்த கட்டுப்பாடுகளை வருகைதோறும் ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று வருகைகளாக மாற்றமே இல்லையென்றால், பிசியோதெரபிக்கு அனுமதி உங்கள் மேசையிலேயே தேங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தொழிலாளியைச் சந்தேகிப்பது அதற்குப் பிறகுதான்.