படகுக் கவர் எட்டவில்லையா? மாட்டும் முறை இதுதான்

காரைக்குடியில் குஷன் கடை வைத்திருக்கிறேன். கார் சீட், ஜீப் ஹூட், லாரித் தார்ப்பாய் எல்லாம் தைக்கிறோம். தொண்டிப் பக்கம் சின்ன ஃபைபர் படகு வைத்திருக்கும் தேவகோட்டைக்காரர்களும் வருவார்கள். கவரைக் கொண்டுபோன மறுவாரம் அவர்களிடமிருந்து வரும் போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். "அண்ணே, கவர் சின்னதாப் போச்சு. ஒரு பக்கம் மாட்டினா மறுபக்கம் எட்ட மாட்டேங்குது. கொஞ்சம் லூசாக்கிக் குடுங்க."

லூசாக்கிக் கொடுக்க எனக்கு மனசு வராது. நிறுத்தி வைத்த படகின் மேல் கவர் படபடக்கவே கூடாது. படபடத்தால் முதலில் விளிம்புத் தையல் விடும். அடியில் ஒட்டியிருக்கும் உப்பும் மணலும் உரசி உரசிப் படகின் பளபளப்பைத் தின்றுவிடும். தொய்ந்த இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. நான்கு குடம் தேங்கினாலே 50 கிலோவைத் தாண்டும். அதைத் தாங்கும் தையல் கிடையாது. இறுக்கமாகத் தைப்பது இதற்காகத்தான். மாட்டுகிற முறை தெரிந்தால் போதும், எட்டும்.

முதல் விஷயம், நேரம். பிவிசி பூசிய துணி குளிர்ந்தால் விறைக்கும், சூடானால் இளகிக் கொடுக்கும். விடியற்காலையில் போய் இழுத்தால் கை நோவதுதான் மிச்சம். கவரை வெயிலில் விரித்துப் போட்டுவிட்டுப் படகைக் கழுவித் துடையுங்கள். காலை பத்து, பதினோரு மணிக்கு மாட்டத் தொடங்கினால் சரியாக இருக்கும். நம் ஊர் வெயிலுக்கு அரை மணி நேரம் போதும். மதியத்துக்கு மேல் தள்ளிப் போடாதீர்கள். கடல்காற்று ஏறிவிட்டால் விரித்த கவரை இரண்டு பேர் சேர்ந்தாலும் பிடிக்க முடியாது.

படகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். டிச் பட்டன் உட்காரும் குமிழ்களில் உப்பு பூத்திருந்தால் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துளி வாசலின் தடவுங்கள். ஜிப் இருந்தால் மெழுகுவத்தியை ஒருமுறை ஓட்டுங்கள். கொக்கி, கண்ணாடி முனை, மோட்டார் மூடி என்று துணியில் குத்தும் இடம் எதுவாக இருந்தாலும் ரெக்சின் துண்டையோ, கீறிய பழைய ஹோஸ் குழாயையோ வைத்துக் கட்டிவிடுங்கள். இறுக்கமான கவர் ஓட்டையாவது இந்த முனைகளில்தான்.

அப்புறம், படகை முன்னும் பின்னும் கட்டி ஆடாமல் நிறுத்துங்கள். தொண்டிக் கரையில் ஆழம் குறைவு என்பதால் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டே இரு பக்கமும் வேலை செய்யலாம். ஆளுக்கு ஒரு பக்கம் நில்லுங்கள்.

கவரின் இரு ஓரங்களையும் நடுவுக்கு மடித்து, அமரம் என்கிற பின்பக்கமிருந்து சுருட்டி வந்தால் அணியம் என்கிற முன்பக்கத்து முனை வெளியே நிற்கும். சுருளை அணியத்தில் வைத்து அங்கே நடுப்பட்டனை மட்டும் போடுங்கள். அதன் இரு பக்கமும் ஒவ்வொன்று. பிறகு சுருளைப் பின்னோக்கி விரித்துக்கொண்டே போய், அமரத்தில் நடுப்பட்டன், அதன் பிறகு இரண்டு மூலைகள். இப்போது கவர் நான்கு திசையிலும் பிடிபட்டுவிட்டது. பக்கவாட்டில் நட்டநடுவில் இடம் ஒன்று, வலம் ஒன்று. மிச்ச இடைவெளிகளையும் இதேபோல் பாதி பாதியாகப் பிரித்து, மாற்றி மாற்றிப் போட்டு வாருங்கள். கட்டிலுக்கு நாடா பின்னுகிறவர் இழுப்பை எல்லாப் பக்கமும் பங்கிடுவது போலத்தான். ஒரு பக்கத்தை முழுதாகப் போட்டு முடித்துவிட்டு மறுபக்கம் போனால், மொத்த இறுக்கமும் கடைசி மூன்று பட்டன்களில் வந்து நிற்கும். "எட்ட மாட்டேங்குது" என்று போன் வருவது அப்போதுதான்.

பட்டன் போடும்போது விரல் நுனியால் அழுத்தாதீர்கள். விளிம்பைக் கட்டைவிரல்களால் கீழே இழுத்து, குமிழுக்கு நேரே கொண்டுவந்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் நேராக அமுக்குங்கள். எதிர்ப்பக்கம் நிற்பவர் தன் பக்கத்துத் துணியைப் படகின் நடுவை நோக்கித் தள்ளிக் கொடுக்க வேண்டும். அப்படியும் ஒன்று அடம்பிடித்தால் சுத்தியலை எடுக்க வேண்டாம். அக்கம்பக்கத்துப் பட்டன் இரண்டையும் கழற்றி, அடம்பிடிப்பதை முதலில் போட்டுவிட்டு, மற்ற இரண்டையும் திரும்பப் போடுங்கள்.

நடுவில் நிற்கும் தாங்குகம்பியைப் பலர் முதலிலேயே உயர்த்திவிடுகிறார்கள். பிறகு எந்தப் பட்டனும் எட்டாது. கம்பியைத் தாழ்த்தி வைத்தபடியே எல்லாப் பட்டனையும் போடுங்கள். கடைசியில் ஜிப் வழியாகவோ, பின்மூலை ஒன்றைத் திறந்தோ கைவிட்டு அதை உயர்த்துங்கள். துணி கூரைபோல் சரிந்து விறைக்கும், மழை வழிந்தோடும்.

காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள். அடைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். அதைவிட முக்கியம், பெட்ரோல் ஆவி உள்ளே தங்கும். அதனால் இஞ்சினைக் கிளப்பும் முன் கவரை முழுதாக எடுத்துச் சற்று நேரம் காற்றாட விடுங்கள். இதில் அலட்சியமே வேண்டாம்.

கழற்றும்போது துணியைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பட்டனை ஒட்டி விரலைக் கொடுத்து நெம்புங்கள். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, முற்றத்தில் விரித்து இருபுறமும் காயவைத்து, அதன் பிறகு சுருட்டுங்கள். ஈரத்தோடு மடிக்கவே வேண்டாம்.

நிறுத்தி வைக்கத் தைத்த கவரோடு டிரெய்லரில் படகை ஏற்றித் தேவகோட்டைக்கு இழுத்து வராதீர்கள். சாலைக் காற்று அதைக் கிழித்துவிடும். 2018 நவம்பரில் கஜா வந்ததுபோல் புயல் எச்சரிக்கை இருந்தால் கவரைக் கழற்றிவிட்டுப் படகைக் கரையேற்றிக் கட்டுங்கள்.

இவ்வளவும் செய்து, நல்ல வெயிலில், கம்பியைத் தாழ்த்தியும் ஒரு பட்டன் நான்கு விரற்கடைக்கு மேல் எட்டாமல் நின்றால் அளவில்தான் கோளாறு. அந்த இடத்தில் சாக்பீஸால் குறியிட்டு, படகோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்து, கவரைத் தைத்த கடைக்கே கொண்டுபோங்கள். பட்டனை நகர்த்தியோ, ஓரத்தில் பட்டை சேர்த்தோ சரிசெய்துவிடலாம்.