சுகர் நோய் இல்லாதவருக்கு ‘லோ சுகரா’? ரத்தம் எடுக்கும் நேரம் முக்கியம்

குடியாத்தத்தில் இருக்கும் என் சித்திக்கு சுகர் நோய் கிடையாது, ஆனாலும் சில நாள் விடியற்காலையில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, பேச்சு குழறும். உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுப்போம், லேப் திறந்ததும் ஓடுவோம். சர்க்கரை 92, நார்மல் என்பார்கள். வராமல் என்ன செய்யும், ஒரு டம்ளர் சர்க்கரையைக் குடித்தாயிற்றே!

அறிகுறி இருக்கும்போதே எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 55-க்குக் (mg/dL) கீழே இருந்து, இனிப்பு உள்ளே போனதும் ஆள் தெளிந்தால்தான் மேற்கொண்டு தேடுவதில் அர்த்தம். வீட்டு குளுக்கோமீட்டர் இவ்வளவு குறைவில் தடுமாறும், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆனால் ரத்தம் எடுப்பதற்காக யாரையும் மயக்கத்தில் காக்க வைக்காதீர்கள். வீட்டில் முதலில் இனிப்புதான் (நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸ்தான்). ஆஸ்பத்திரி என்றால், குளுக்கோஸ் ஏற்றப் போடும் ஊசியிலேயே முதலில் ரத்தம் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள்.

சர்க்கரைக்கு சாம்பல் நிற மூடி போட்ட ட்யூப். வேறு ட்யூபில் எடுத்துப் பிரிக்காமல் வைத்தால் ரத்த அணுக்களே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்றுவிடும். மே மாத வெயிலில் பைக் பையில் வேலூர் வரை போனால் இன்னும் வேகமாக. அப்புறம் இல்லாத லோ சுகருக்கு அலைய வேண்டியதுதான்.

அதே ரத்தத்தில் இன்சுலின், சி-பெப்டைட் (கணையம் இன்சுலின் சுரக்கும்போது கூடவே வரும் துண்டு), புரோஇன்சுலின் (இன்சுலினாக மாறும் முன் உள்ள வடிவம்), பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் (கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்), கணையத்தைச் சுரக்க வைக்கும் சல்பனைல்யூரியா வகை சுகர் மாத்திரை கலந்திருக்கிறதா என்ற சோதனை எல்லாம் போக வேண்டும். சர்க்கரை அவ்வளவு குறைந்த நேரத்தில் இன்சுலின் 3-க்கு (µU/mL) மேல், சி-பெப்டைட் 0.6-க்கு (ng/mL) மேல் என்றால் கணையம் அடங்காமல் சுரக்கிறது: பெரும்பாலும் ஒன்று கணையத்தில் கட்டி, இல்லை அந்த வகை சுகர் மாத்திரை. இன்சுலின் மட்டும் எகிறி சி-பெப்டைட் அடிமட்டம் என்றால் ஊசியாக உள்ளே போயிருக்கிறது. இரண்டுமே குறைவு என்றால் கல்லீரல் கோளாறு, கார்டிசால் ஹார்மோன் குறைவு, மது என்று வேறு பக்கம் தேடுவார்கள்.

சர்க்கரை தானாக இறங்காவிட்டால் அட்மிட் செய்து 72 மணி நேரம் வரை பட்டினி போட்டுப் பார்ப்பார்கள். வீட்டில் இதை முயலவே வேண்டாம்.

போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும் அள்ளிக்கொண்டு போங்கள். முடிக்குப் போடும் பயோட்டின்கூட சில லேப்களில் இன்சுலின் அளவைக் குறைத்துக் காட்டும். சித்திக்கு இன்சுலினும் சி-பெப்டைடும் அதிகமாகத்தான் இருந்தன. ஆனால் கட்டி இல்லை. அவருடைய பிரஷர் மாத்திரையும் சித்தப்பாவின் கிளிமிபிரைடும் (சல்பனைல்யூரியா வகை சுகர் மாத்திரை) ஒரே மக்கன் பேடா டப்பாவில் கிடந்தன, இரவில் கண்ணாடி போடாமல் எடுத்துப் போட்டிருக்கிறார்.