சனசமூக நிலைய மாதக் கூட்டம்: புதுச் செயலாளருக்கு ஒரு செய்முறை

வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் ஒருவர் உங்கள் பெயரை முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார். நீங்கள் வாய் திறப்பதற்குள் எல்லாரும் கைதட்டிவிட்டார்கள். சரி, இனி நீங்கள்தான் செயலாளர். பழைய செயலாளர் தரும் பையில் அறிக்கைக் கொப்பி, கடிதக் கோவை, றப்பர் முத்திரை எல்லாம் இருக்கும். யாப்பு, அதாவது நிலையத்தின் விதிகள் எழுதிய கோவை, இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கூட்டத்துக்கு எத்தனை பேர் வேண்டும், எத்தனை நாளைக்கு முன் அறிவிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

இன்னொன்றையும் இப்போதே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: மக்கள் வாக்குப் போட்டுத் தெரியும் பிரதேச சபை வேறு, அரசாங்கக் கந்தோரான பிரதேச செயலகம் வேறு. யாழ். மாவட்டத்தின் 17 உள்ளூராட்சி சபைகளில் 13 பிரதேச சபைகள். கிராமத்துச் சனசமூக நிலையத்தின் அலுவல் பிரதேச சபையில்தான். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அலுவல்தான் பிரதேச செயலகப் பக்கம். கடிதத்தை மாறிக் கொடுத்துவிட்டு இரண்டு கந்தோருக்கும் இடையில் அலைபவர்கள் எங்கள் ஊர்களில் குறைவில்லை.

படி 1: நாள் குறித்தல்

போயா (பௌர்ணமி) லீவு மாதம் தவறாமல் வருவதால் அதுவே வசதி. ஆனால் சித்திரைப் போயாவை விட்டுவிடுங்கள். அன்று சித்திரா பௌர்ணமி; தாயை இழந்தவர்கள் விரதத்திலும் படையலிலும் இருப்பார்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளிலும் மாலைக் கூட்டம் வைத்தால் கதிரைகள் மட்டும்தான் வந்திருக்கும்.

அறிவித்தலை வாசிகசாலைப் பலகையில் ஒட்டுங்கள், வைபர் குழுவிலும் போடுங்கள். பலகையைப் பார்க்கும் ஐயாமார் வைபர் பார்ப்பதில்லை, வைபர் பார்க்கும் பொடியள் பலகைப் பக்கம் வருவதில்லை.

படி 2: நிகழ்ச்சி நிரல்

இறைவணக்கம், அகவணக்கம், தலைமையுரை, சென்ற கூட்ட அறிக்கை, அதிலிருந்து எழும் விடயங்கள், கணக்கறிக்கை, வந்த கடிதங்கள், புதிய விடயங்கள், நன்றியுரை. வழக்கமான ஒழுங்கு இவ்வளவுதான். தலைமையுரை ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்பது என் ஆசை. நடந்து பார்த்ததில்லை.

'வேறு விடயங்கள்' என்று ஒரு வரியைக் கடைசியில் போடுவார்கள். அங்கேதான் யாராவது வேலிப் பிரச்சினையைக் கொண்டுவருவார். "ஐயா, எழுத்தில் தாங்கோ, அடுத்த கூட்டத்தில் எடுப்பம்" என்று தலைவரைச் சொல்லச் சொல்லுங்கள். கூட்டத்தை நடத்துவது தலைவர். நீங்கள் பக்கத்தில் இருந்து எழுதுகிறவர். எழுதி முடியாவிட்டால், "மாஸ்டர், ஒரு நிமிசம்" என்று நிறுத்தத் தயங்க வேண்டாம்.

படி 3: காசு

கணக்கு வாசிப்பது பொருளாளர். ஆனாலும் கூட்டத்துக்கு முதல் நாள் இருவரும் சேர்ந்து இருந்து பாருங்கள். வங்கிப் புத்தகம், கையில் உள்ள காசு, பற்றுச்சீட்டுப் புத்தகம் மூன்றும் காசேட்டோடு ஒத்துவர வேண்டும். சந்தா, மின்சாரக் கட்டணம், பத்திரிகைக் காசு எல்லாம் இதற்குள் முடிந்துவிடும். சிக்கல் வருவது வேறு இரண்டு இடத்தில்.

ஒன்று வெளிநாட்டுக் காசு. லண்டனில் இருந்து ஒருவர் சிறுவர் ஊஞ்சலுக்கு என்று அனுப்புகிறார். அவர் பவுணில் நினைத்திருப்பார். கொப்பியில் வரவேண்டியது நிலையத்தின் கணக்குக்கு வந்து சேர்ந்த ரூபாய். அதற்குத் தனிப் பக்கம் திறந்து, என்ன தேவைக்கு என்று மேலே எழுதுங்கள். பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அன்றே அவருக்கு அனுப்புங்கள். அந்தக் காசை எடுத்துக் கரண்ட் பில் கட்டிவிட்டு "பிறகு போடுவம்" என்றால், அந்தக் கதை ஊருக்குள் வர முதலே லண்டனுக்குப் போய்விடும்.

மற்றது கதிரையும் கிடாரமும். கலியாண வீட்டுக்கு வாடகை, செத்த வீட்டுக்கு இலவசம் என்று வைத்திருக்கும் நிலையங்களில், செத்த வீட்டுக்குப் போனது 31ஆம் நாள் அந்தியேட்டி வரை அங்கேயே நிற்கக்கூடும். துக்க வீட்டில் போய்த் திருப்பிக் கேட்க முடியாது. ஆனால் போன எண்ணிக்கை, வந்த எண்ணிக்கை, உடைந்தது எல்லாம் ஒரு கொப்பியில் இருந்தால் மாதக் கூட்டத்தில் ஒருவரும் ஒருவரையும் சந்தேகிக்க மாட்டார்கள்.

படி 4: அறிக்கை எழுதுதல்

புதுச் செயலாளர் எல்லாவற்றையும் எழுதப் பார்ப்பார். யார் கத்தினார், யார் எழும்பிப் போனார் என்பதெல்லாம் வேண்டாம். திகதி, இடம், தொடங்கிய நேரம், வந்தவர்களின் கையொப்பம், பிறகு தீர்மானங்கள். ஒரு தீர்மானம் இப்படி இருந்தால் போதும்:

"தீர்மானம் 3: கிணற்றடிக் குழாயைத் திருத்துவது. செலவு 4,500 ரூபாவுக்கு மேற்படக்கூடாது. பொறுப்பு உப தலைவர். அடுத்த போயாவுக்கு முன் முடிக்க வேண்டும்." கீழே முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்கள்.

"குழாய் பற்றி ஆராயப்பட்டது" என்று எழுதி விட்டால் அந்தக் குழாய் அடுத்த வருடமும் ஒழுகும். என்ன, யார், எவ்வளவு, எப்போது: இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் கூட்டத்திலேயே கேட்டு நிரப்புங்கள். வீட்டுக்குப் போய் நீங்களாக நிரப்பக்கூடாது.

பக்கங்களுக்கு இலக்கம் போடுங்கள், தாள் கிழிக்க வேண்டாம். பிழைத்தால் ஒரு கோடு இழுத்து வெட்டிப் பக்கத்தில் சிறு ஒப்பம் வையுங்கள். வெள்ளை மை பூசிய அறிக்கையை யாரும் நம்ப மாட்டார்கள்.

படி 5: கூட்டம் முடிந்த பிறகு

தேத்தண்ணியும் வடையும் முடிவதற்குள், வேலை ஏற்றவர்களுக்கு அவரவர் தீர்மானத்தைக் காட்டிவிடுங்கள். கடிதங்களை அந்த வாரமே எழுதி, கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் பிரதியில் கிடைத்ததாக முத்திரை வாங்கிக் கோவையில் போடுங்கள். அடுத்த மாதம் அறிக்கையை வாசித்து, திருத்தம் இருந்தால் சேர்த்து, சபை ஏற்றபின் தலைவர் திகதியோடு ஒப்பமிட வேண்டும். அதுவரை கொப்பி உங்கள் வீட்டில் இருக்கட்டும், வாசிகசாலை மேசையில் விடாதீர்கள். பத்திரிகை வாசிக்க வருபவர்கள் அதன் ஓரத்தில்தான் குறுக்கெழுத்துக்கு விடை எழுதிப் பார்ப்பார்கள்.